இருமுறை ஊர் திரும்பிய ஊமைத்துரை

போருக்குச் சென்றவன் ஊர் திரும்புவதைப் பாடாத இலக்கியம் உலகில் இல்லை. நம் சங்கப் பாடல்களில் முல்லைத் திணையின் உயிர்ப்பொருளே, வினைமுற்றி மீளும் தலைவனும் அவன் வரவை நோக்கி ஆற்றியிருக்கும் தலைவியும்தான். கார்காலம் தொடங்கிவிட்டது, தேர் விரைகிறது, வழியெங்கும் முல்லை மலர்ந்திருக்கிறது. இப்பாடல்களைப் பயில்கின்ற கவிஞர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். தலைவன் மாறியிருக்கலாம், உடலில் வடு ஏறியிருக்கலாம், ஆனால் அவன் விட்டுச்சென்ற ஊர் அப்படியே இருக்கிறது. போர் எங்கோ தொலைவில் நடந்தது. வீடு அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. முல்லையின் இனிமைக்கு அடிப்படையே இந்த நம்பிக்கைதான்.

போர் ஊருக்குள்ளேயே வந்துவிட்டால்? எதிரே நிற்பவன் பக்கத்து ஊர்க்காரனாகவும், பல வேளைகளில் தன் மொழியையே பேசுபவனாகவும் இருந்தால்? அத்தகைய போரிலிருந்து திரும்புகிறவன் காணும் ஊர் எப்படி இருக்கும்? இவ்வினாவுக்கு விடை தேட நாம் கிரேக்கத்துக்குப் போக வேண்டியதில்லை. பொருநையின் கரையிலேயே அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக்கு மீண்ட ஊமைத்துரையின் வரலாறு அது. கட்டபொம்மனின் தூக்குமேடையைப் பாடிய நாவுகள் பல. அவருடைய தம்பி ஒரே ஆண்டில் இருமுறை தம் ஊருக்குத் திரும்பினார் என்பதும், அவ்விரண்டு வருகைக்கும் இடையில் ஓர் ஊருக்கு என்ன நேர்ந்தது என்பதும் அவ்வளவாக எண்ணிப் பார்க்கப்படவில்லை. நமது இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அதை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும் என்று கருதுகிறேன்.

ஆறும் கரிசலும்

இவ்வரலாற்றை அறிய முதலில் நிலத்தை அறிய வேண்டும். பொதிகையில் பிறந்து கடலில் கலக்கும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் குளங்களும் வளர்த்த நன்செய் நிலம் விரிந்து கிடக்கிறது. இது 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபின் நேரடி வருவாய்க்கு உரிய சர்க்கார் நிலம். இதற்கு வெளியே, கிழக்கிலும் வடக்கிலும் கரிசலும், மேற்கில் மலையடிவாரமும் பாளையக்காரர்களின் வசம் இருந்தன. மழையை நம்பிய பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் பூமி அது. பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் கரிசல் நாட்டுப் பாளையங்கள். நெற்கட்டும்செவல் மேற்குப் பாளையம்.

பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டினர், வழக்குத் தீர்த்தனர், படை வைத்திருந்தனர். அத்துடன் ஆற்றோரத்துச் சர்க்கார் ஊர்களிலும் தேசக்காவல் என்ற பெயரில் காவற்பணம் பெற்றனர். ஆகவே, ஆற்றுநிலத்தின் நெல்லுக்கு உரிமை கொண்டாடியவர் ஒருவரல்லர். நவாபு ஒருபுறம், பாளையக்காரர் மறுபுறம். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையக்காரரிடம் திறை வாங்கும் உரிமையைப் பெற்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மூன்றாவதாக வந்து சேர்ந்தது.

பாளையங்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. எல்லைச் சச்சரவுகள் தலைமுறைப் பகையாக வளர்ந்திருந்தன. 1750களில் புலித்தேவர் மேற்குப் பாளையங்களைத் திரட்டி நவாபையும் கம்பெனியையும் எதிர்த்தபோது, கிழக்குப் பாளையங்களில் தலைமையான இடத்திலிருந்த பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் அவ்வணியில் சேரவில்லை. பின்னாளில் பாஞ்சாலங்குறிச்சி எதிர்த்து எழுந்தபோது எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது. ‘எட்டப்பன்’ என்ற பட்டப்பெயரைத் துரோகத்திற்கு மறுசொல்லாக வழங்கும் நாம், இம்முன்வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். ஒருவரது பழியைக் குறைப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. 1799இலும் 1801இலும் நடந்தது அந்நியனை எதிர்த்த போர் என்பதில் ஐயமில்லை; அதே போர் இந்த மண்ணின் உள்நாட்டுப் போராகவும் இருந்தது என்பதிலும் ஐயமில்லை. கம்பெனியின் அணிவகுப்பில் வெள்ளையரைவிட மிகுதியாக நின்றவர்கள் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமாகிய உள்நாட்டுச் சிப்பாய்களே. அவர்களுக்குத் துணையாக எட்டயபுரத்துப் படையும் நின்றது.

இடிந்த கோட்டை

1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுக்கும் வீரபாண்டியக் கட்டபொம்மனுக்கும் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்து, லெப்டினன்ட் கிளார்க் என்ற அதிகாரி இறந்ததும், அடுத்த ஆண்டு மேஜர் பானர்மேன் படையெடுத்து வந்ததும் யாவரும் அறிந்தவை. 1799 செப்டம்பர் 5ஆம் நாள் நடந்த முதல் தாக்குதலைக் கோட்டை தாங்கி நின்றது. எனினும் பெரும் பீரங்கிகள் வருவதற்குள் கட்டபொம்மனும் அவரைச் சார்ந்தோரும் கோட்டையை விட்டு நீங்கினர். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்ட கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், பாளையக்காரர்கள் கூட்டி நிறுத்தப்பட்டிருக்க, புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டு, அவர் தலை பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவரப்பட்டு ஊரார் காண நாட்டப்பட்டது.

பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களும் பறிக்கப்பட்டன. பறித்த நிலத்தின் பங்குகள் கம்பெனிக்குத் துணைநின்ற பாளையங்களுக்கு வழங்கப்பட்டன. கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும், மீறி ஆயுதம் தாங்குவோருக்கு மரண தண்டனை என்று பானர்மேன் விளம்பரம் செய்தார். ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டனர். அக்கோட்டையின் எச்சங்களில் சில இன்றும் நகரின் நடுவே நிற்கின்றன.

ஆயுதம் பறிக்கப்பட்டதன் பொருளை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். பாளையத்து வீரனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. படைக்கு வருவதற்கு ஈடாக அவனுக்கு மானிய நிலம் உண்டு. காவலுக்கு ஈடாகக் களத்தில் நெல் உண்டு. வேலும் வளரியும் அவனுக்குப் போர்க்கருவி மட்டுமல்ல. நிலத்துக்கும் நெல்லுக்கும் அவன் காட்டக்கூடிய பட்டயமும் அவையே. அவற்றை ஒப்படைத்துவிட்டுத் தன் ஊருக்குள் நுழைந்த நாளில், அவன் தன் ஊரிலேயே அயலான் ஆனான்.

முதல் திரும்புதல்

1801 பிப்ரவரி 2ஆம் நாள் மாலை. பாளையங்கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்கள் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டு விருந்தில் இருந்தனர். படையின் பெரும்பகுதி சங்கரன்கோவில் பாளையத்தில் தங்கியிருந்தது. சிறையிலிருந்தோரை அம்மைநோய் பீடித்திருந்ததால் அவர்களது விலங்குகள் கழற்றப்பட்டிருந்தன. விறகு விற்போர் போலவும் பிறவாறும் வேடமிட்டு வந்த பாஞ்சாலங்குறிச்சியார் காவலரை மடக்கிச் சிறைக்கதவைத் திறந்தனர். விடிவதற்குள் ஏறத்தாழ 30 மைல் தொலைவை அவர்கள் கடந்துவிட்டனர். வழியிலிருந்த காவல் நிலைகளையும் மடக்கிக்கொண்டே சென்றனர்.

பாளையங்கோட்டை ஆற்றின் தென்புறம், பாஞ்சாலங்குறிச்சி வடபுறம். சுலோசன முதலியார் பாலம் ஆற்றின் குறுக்கே எழுந்தது 1843இல்தான். ஆதலால் அந்த இரவில் அவர்கள் பொருநை நீரில் இறங்கியே கரையேறியிருக்க வேண்டும். பிசான நெல் முற்றி நிற்கும் தைமாதக் கடைசி. நோயிலிருந்து முழுவதும் தேறாத உடல்கள். ஏறத்தாழ 16 மாதம் விலங்கு தாங்கிய கால்கள். ஆற்றங்கரைப் பசுமையைக் கடந்து கரிசலில் ஏறி அவர்கள் ஊரை அடைந்தபோது அங்கே என்ன இருந்தது? மதில் இல்லை, மண்மேடு இருந்தது. அண்ணன் இல்லை. தானாபதி இல்லை. நிலம் பிறர் பெயரில் இருந்தது. வேல் வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாகியிருந்தது.

ஆனால் மக்கள் இருந்தனர். அடுத்து நடந்ததை வியந்து எழுதியவர் நம்மவர் அல்லர். எதிரணியில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி. 1830இல் வெளிவந்த தம் போர் நினைவுக்குறிப்பு நூலில் அவர் இதை விரித்துரைக்கிறார். மெக்காலேயின் படை கயத்தாற்றிலிருந்து புறப்பட்டு, பிப்ரவரி 9ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தது. தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை எழுந்து நிற்பதைக் கண்டு படை திகைத்தது. ஆறே நாட்களில் மண்ணும் வைக்கோலும் பிசைந்து மதில் எழுப்பியிருந்தார்கள். அதன்மேல் ஆயுதம் தாங்கிய ஏறத்தாழ 1500 பேர் நின்றிருந்தனர். ஆயுதமெல்லாம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதாகக் கணக்கெழுதிய கம்பெனிக்கு அன்றுதான் கணக்குப் புரிந்தது. மறுநாள் மெக்காலே பின்வாங்கினார்.

மண்வீடு கட்டிய அனுபவமுள்ளவர்கள் இதன் அருமையை அறிவார்கள். மண் வெட்ட வேண்டும். கரிசல் காட்டில் தண்ணீர் சுமக்க வேண்டும். மிதித்துக் குழைக்க வேண்டும். ஒரு வரி காய்ந்த பின்னரே அடுத்த வரி ஏற்ற வேண்டும். ஆறு நாளில் ஒரு கோட்டையை எழுப்பச் சுற்றுவட்டாரமே திரண்டிருக்க வேண்டும். வேல் பிடித்த கை மட்டும் செய்த வேலை அன்று இது. மண்வெட்டியும் கூடையும் குடமும் பிடித்த கைகளின் வேலை. ஆணும் பெண்ணும், உழுகுடியும் படைக்குடியும் சேர்ந்து செய்த அவ்வேலைதான், பாஞ்சாலங்குறிச்சி என்பது ஒரு குடும்பத்தின் ஆட்சியுரிமை மட்டுமன்று என்பதற்கு மறுக்கவொண்ணாத சான்று. நாயக்கர், மறவர், தேவேந்திரர் எனப் பல குடியினரும் அப்படையில் இருந்தனர் என்பதை வாய்மொழி மரபு தெளிவாகச் சொல்கிறது. கவர்னகிரிச் சுந்தரலிங்கமும் வெள்ளையத்தேவனும் அம்மரபில் வாழ்கின்ற பெயர்கள்.

துரும்பும் கையும்

பேச இயலாத ஒருவர் படைநடத்தியது எப்படி? இதற்கும் வெல்ஷ் விடை தருகிறார். மெலிந்த, நோயாளி போன்ற தோற்றமுடைய இளைஞர். ஆனால் அவர் காட்டும் சிறு சைகையும் தெய்வவாக்காகக் கொள்ளப்பட்டது என்று எழுதுகிறார். ஊமைத்துரை சிறு துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அணியணியாக வைப்பாராம். அவை ஆங்கிலப் படை. பிறகு வாயால் ஒரு சீழ்க்கை ஒலி எழுப்பிக்கொண்டே வலக்கையால் அவற்றைத் துடைத்தெறிவாராம். தாக்குங்கள் என்பது அதன் பொருள். மக்கள் அவரைச் சாமி என்றே அழைத்தனர்.

பிப்ரவரி முதல் மே வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் அம்மண்கோட்டை நின்றது. தூத்துக்குடி கிளர்ச்சியாளர் கைக்கு வந்தது. ஆற்றோரத்து ஸ்ரீவைகுண்டத்தில் கோவிலையே அரணாகக் கொண்டிருந்த கம்பெனிப் படையினர் முற்றுகையிடப்பட்டனர். ஆற்றுநிலமும் கரிசலும் ஒருசேரப் போர்க்களமாயின. மார்ச் 31ஆம் நாள் மெக்காலே நடத்திய பெருந்தாக்குதல், மதிலின்மேல் நீண்ட ஈட்டிகளோடு நின்றவர்களைக் கடக்க முடியாமல் பேரிழப்புடன் முறிந்தது. பின்னர் கர்னல் அக்னியூ புதிய படைகளோடும் பெரும் பீரங்கிகளோடும் வந்தார். 1801 மே 24ஆம் நாள், பிளந்த மதில் வழியே கம்பெனிப் படை உள்ளே புகுந்தது. எஞ்சியோர் கூட்டமாக வெளியேறினர். குதிரைப்படை அவர்களைத் துரத்தி வெட்டியது. ஊமைத்துரை காயமுற்று விழுந்தார்.

அம்மை

அந்த மாலையில் நடந்ததாக வெல்ஷ் எழுதிவைத்திருக்கும் நிகழ்ச்சி, இந்தப் போரில் எந்த வெற்றியையும் தோல்வியையும்விடப் பெரியது. அருகிலிருந்த சிற்றூர் ஒன்றிலிருந்து சில பெண்கள், தம்மவரின் உடல்களையேனும் எடுத்துச்செல்லலாம் என்று களத்துக்கு வந்தனர். அவர்களில் ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். குற்றுயிராய்க் கிடந்தான். அவனைத் தூக்க முனைந்தபோது அவன் தடுத்து, தன்னை விட்டுவிடும்படியும், அருகே காயமுற்றுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படியும் கேட்டுக்கொண்டான். அத்தாய் மகன் சொல்லை ஏற்றாள். பெண்கள் ஊமைத்துரையைச் சுமந்து தம் ஊருக்குக் கொண்டுவந்தனர்.

தேடி வந்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர், எட்டயபுரத்து வீரர்கள். அந்தப் பெண்கள் ஊமைத்துரையின் மேல் துணியைப் போர்த்திவிட்டு ஒப்பாரி வைத்தனர். அம்மைநோயில் இறந்த பிள்ளை என்றார்கள். வந்தவர்கள் அஞ்சி விலகிப் போய்விட்டனர்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. முதலாவது, வந்தவனும் அழுதவளும் ஒரே மொழிக்காரர். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்கு ஏற்பட்ட நடுக்கம் அவளுடைய ஊரிலும் உள்ள நடுக்கமே. அந்நியத் துருப்பை அவ்வொப்பாரி அவ்வளவு எளிதில் திருப்பியிருக்குமா என்பது ஐயம். அந்தப் பெண்கள் நம்பியது எதிரியின் அச்சத்தை. அதாவது எதிரியும் தம்மவனே என்பதை. ஜென்னரின் தடுப்புமருந்து இந்தியாவுக்கு வந்தது 1802இல்தான். அந்த அச்சம் எல்லார்க்கும் பொதுவாக இருந்த காலம் அது.

இரண்டாவது, பிப்ரவரியில் ஊமைத்துரையின் விலங்கைக் கழற்றியது அம்மைநோய். மே மாதத்தில் அவர் உயிரைக் காத்ததும் அம்மைநோயின் பெயரே. தென்பாண்டி நாட்டில் நாம் தாயையும் அம்மை என்றே அழைக்கிறோம். இரண்டு அம்மைகளும் அன்று ஒரு குடிசையில் ஒருசேர நின்றன. வெல்ஷுக்குத் தமிழில் இச்சொல்லின் இருபொருள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நமக்குத் தெரியும்.

இரண்டாம் திரும்புதல்

உயிர் பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருதுசகோதரர்களோடு சேர்ந்தார். 1801 ஜூன் 16ஆம் நாள் சின்ன மருதுவின் பெயரால் திருச்சியில் ஒட்டப்பட்ட அறிக்கை, சாதி வேறுபாடின்றி யாவரையும் ஒன்றுபட்டு எழும்படி அழைத்தது. பேராசிரியர் கு. இராசய்யன் 1800–1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றித் தாம் எழுதிய ஆய்வுநூலில், இதனைத் தென்னிந்திய அளவிலான எழுச்சியாகவே காண்கிறார். உள்நாட்டுப் போரின் வடுவை உணர்ந்தவர்களே அத்தகைய அழைப்பை விடுக்க முடியும். ஆனால் காலம் கடந்துவிட்டது. அக்டோபர் முதல் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24ஆம் நாள் மருதுசகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

திண்டுக்கல் பக்கத்துக் காடுகளை நோக்கிச் சென்ற ஊமைத்துரை வத்தலக்குண்டு அருகே பிடிபட்டார். அவரை அங்கேயே கொன்றிருக்கலாம், பாளையங்கோட்டையில் கொன்றிருக்கலாம். கம்பெனி அவ்வாறு செய்யவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து, 1801 நவம்பர் 16ஆம் நாள் தூக்கிலிட்டது. இது அவருடைய இரண்டாம் திரும்புதல்.

பிப்ரவரியில் அவர் கண்ட ஊர் மதிலிழந்த ஊர். நவம்பரில் அவர் கண்டது மனிதரையும் இழந்த ஊர். கட்டி எழுப்பியவர்களில் பலர் மண்ணுக்குள் போயிருந்தனர், பலர் ஓடிப்போயிருந்தனர். இந்த முறை மண் பிசைய ஆளில்லை. அத்தோடும் வென்றவர்களுக்கு மனம் ஆறவில்லை. கோட்டை மறுபடியும் இடிக்கப்பட்டது. அந்த இடம் ஏர் பூட்டி உழப்பட்டு, ஆமணக்கு முதலியன விதைக்கப்பட்டன. மாவட்டப் பதிவேடுகளிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரே நீக்கப்பட்டது. 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் ஐயர் இதனைக் குறித்துவைத்துள்ளார்.

பகைவர் அரணை அழித்துக் கழுதையேர் பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைத்த செய்தியைப் புறநானூறு படித்த நாம் அறிவோம். வென்ற மன்னனின் பெருமையாகப் புலவர்கள் அதனைப் பாடினர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின், கடல்கடந்து வந்த ஒரு வணிகக் கூட்டம் அச்செயலையே இந்த மண்ணில் செய்தது. நாம் பெருமிதத்தோடு படித்துவந்த ஒரு புறத்துறை, தோற்றவன் நிலத்தில் நின்று பார்க்கும்போது எப்படி இருக்கும் என்பதைப் பாஞ்சாலங்குறிச்சி நமக்குக் காட்டிவிட்டது.

திரும்பாதவர்கள்

திரும்பி வந்தவரின் கதையோடு திரும்ப இயலாதவரின் கதையும் சேர்ந்தது. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கு மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். அப்போது அவர் சிறுவர். அவர்கள் கடைசியாகக் கண்ட தமிழ்நிலம், பொருநை கடலில் கலக்கும் அந்தக் கரைப்பகுதிதான்.

1818இல் பினாங்கு சென்ற வெல்ஷ் அங்கே துரைசாமியைச் சந்திக்க நேர்ந்தது. வெல்ஷ் தம் இளமையில் மதுரைப் பக்கத்தில் இருந்தபோது சின்ன மருதுவின் நட்பைப் பெற்றவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடம் கற்றவர். ஆசானை எதிர்த்துப் போரிட்டு, ஆசானின் மகனை நாடுகடத்திய படையில் தாமும் இருந்தவர். பதினாறு ஆண்டுகள் கழித்து, வயதுக்கு மீறி முதுமை தட்டிய அம்மகனைக் கண்டபோது தம் நெஞ்சில் பாய்ந்த வேதனையை அவர் மறைக்கவில்லை. போர்வீரன் ஒருவன் தான் வென்ற போரை மறுபடியும் சந்தித்த இடம் அது. நல்ல மனம் படைத்த ஒருவரும் கொடிய பணியொன்றின் கருவியாக இருக்க முடியும் என்பதற்கு வெல்ஷின் நூல் முழுவதுமே சான்று. அவர் எழுதாவிட்டால் துரும்பு வைத்த உள்ளங்கையும், களத்தில் நின்ற தாயும் எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கமாட்டார்கள் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஊரில் எஞ்சியவர்களுக்கும் பழைய ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. 1801 ஜூலை உடன்படிக்கையால் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் போயிற்று. 1803இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. படை இல்லாத பாளையக்காரர் ஜமீன்தாரானார், படைவீரன் குடியானவனானான். வென்ற அணியில் நின்ற எட்டயபுரத்துக்கும் படையும் சுயாட்சியும் மீளவில்லை. உள்நாட்டுப் போரில் வெற்றி யாருக்கு என்ற வினாவுக்கு, 1803ஆம் ஆண்டின் சன்னதுகளே விடை.

பெயர் மீண்ட வழி

பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்ட பெயரை மீட்டவர் யார்? அதிகாரம் அல்ல. கும்மியாகவும் கதைப்பாடலாகவும் நாட்டுப்புறக் கலைஞர்கள் பாடிவந்தார்கள். கரிசல் ஊர்த் திண்ணைகளிலும் கோவில் கொடைகளிலும் கட்டபொம்மு கதை ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒட்டப்பிடாரத்து ஜெகவீரபாண்டியனார் அவ்வீர சரித்திரத்தை விரிவாக எழுதினார். ம.பொ.சி. நூல் செய்தார். நெல்லைச் சீமையின் நா. வானமாமலை கதைப்பாடலை ஆய்ந்து பதிப்பித்தார். 1959இல் வந்த திரைப்படம் வீடுதோறும் அப்பெயரைக் கொண்டுசேர்த்தது. 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக்கோட்டை எழுப்பியது. பழைய கோட்டையின் அடித்தளமும் வெள்ளை அதிகாரிகளின் கல்லறைகளும் அப்பகுதியில் இருக்கின்றன. 1986இல் மாவட்டம் பிரிந்தபோது அவ்வூர் தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்ந்தது. பெயர் நீக்கிய ஆணை எங்கோ சுவடிக்காப்பகத்தில் கிடக்க, ஊரின் பெயர் ஊரில் இருக்கிறது.

மற்றொன்றையும் இலக்கிய அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பாஞ்சாலங்குறிச்சிக்கு மிக அருகில் உள்ளது ஒட்டப்பிடாரம். பானர்மேன் கோட்டையைத் தாக்கியது 1799 செப்டம்பர் 5. அதே செப்டம்பர் 5ஆம் நாளில், 1872இல், ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரனார் பிறந்தார். பத்தாண்டு கழித்து 1882இல் எட்டயபுரத்தில் பாரதி பிறந்தார். 1801இல் ஒருவரையொருவர் வேட்டையாடிய இரு மண்களும் நூறாண்டுக்குள் இரு நண்பர்களைத் தந்தன. ஒருவர் கடலில் கப்பல் விட்டார். மற்றவர் அதற்குச் சொல் தந்தார். எந்த அரசும் எந்த உடன்படிக்கையும் செய்து முடிக்காத சமாதானம் அது. எட்டயபுரம் என்றதும் துரோகம் என்று மட்டும் நினைக்கும் நாவு, உமறுப்புலவரும் முத்துசாமி தீட்சிதரும் பாரதியும் வாழ்ந்த மண்ணும் அதுவே என்பதை நினைத்துச் சற்றுத் தயங்க வேண்டும்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு இக்கட்டுரையை முடிக்கிறேன். கட்டபொம்மனுக்குப் பாட்டு உண்டு. ஊமைத்துரைக்கும் ஓரளவு உண்டு. மகனைக் களத்தில் விட்டுவிட்டு இன்னொருவரைச் சுமந்துசென்ற தாய்க்குப் பாட்டு இல்லை. அவள் மறுநாள் காலையில் அந்தக் களத்துக்கு மீண்டும் போனாளா என்று கேட்கும் கவிதை இல்லை. ஒப்பாரியைக் கேட்டுவிட்டு அஞ்சித் திரும்பிய எட்டயபுரத்து வீரனுக்கும், தன் மொழி பேசுவோரின் மதில்மேல் ஏணி வைத்து ஏறிய கம்பெனிச் சிப்பாய்க்கும், பினாங்கில் முதுமையடைந்த சிறுவனுக்கும் இல்லை. இவர்களும் போரிலிருந்து ஏதோ ஓர் ஊருக்குத் திரும்பினார்கள், அல்லது திரும்ப ஏங்கினார்கள். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் இவர்களுள் ஒருவரேனும் ஒரு நல்ல தமிழ்க் கவிதைக்குள் வீடு வந்து சேர்வாரானால், இம்மலரில் இதை எழுதியதன் பயனை நான் பெற்றவனாவேன்.